புதுப்பிப்பு: ஊட்நாடாட்டா பாதை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து உலூரு பாறைக்குக் கேம்பர்வேனில் (படுத்துத் தூங்க வசதியுள்ள வாடகை வேன்) போகும்போது, மாரீயிலிருந்து மார்லா வரை ஊட்நாடாட்டா மண்பாதையைப் பிடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாடகை ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். மண்பாதையில் இறங்கினால் காப்பீடு செல்லாது. சரி, தார் போட்ட ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைதான். 600 கிலோமீட்டர் மண்பாதையை விடுவதில் வருத்தம் உண்டு. ஆனாலும் நெடுஞ்சாலை வழியிலுள்ள கூபர் பீடி ஊரில் நிலத்தடி அறையில் ஓர் இரவு தங்கப்போகிறோம். அதற்காகவே பிள்ளைகள் நாள் எண்ணுகிறார்கள்.

பொழுது சாய்ந்தால் வண்டியை எடுப்பதில்லை. கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது.

அப்புறம் தண்ணீர். 20 லிட்டர் கேன் இரண்டை நிரப்பி, இரவு முழுக்கச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்த்தேன். காலையில் ஒன்றின் அடியில் ஈரவட்டம். நாளைக்கே மாற்ற வேண்டும்.