நெட்ல சிக்ஸர், மேட்ச்ல டக்... உங்க பிராக்டிஸ் எப்படி மாறுச்சுனு சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். சென்னைல கீழ் டிவிஷன் லீக் ஆடுறேன், பெரும்பாலும் மேட் விக்கெட் (பாய் விரிச்ச பிட்ச்) தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே சீசன்ல அஞ்சு தடவை உள்ள வர்ற பந்துக்கு போல்டு, இல்லைன்னா எல்பி (ஸ்டம்புக்குப் போற பந்து கால்ல பட்டு அவுட்). ஆனா நெட்ல பாத்தா நான் தான் ராஜா, பதினஞ்சு நிமிஷம் கிடைக்கும், ஆறு பேர் வரிசையா போடுவாங்க, வந்ததை எல்லாம் தூக்கி அடிச்சிட்டு பேடை கழட்டிடுவேன். எங்க டீம் கீப்பர் அண்ணன் ஒரு நாள் பின்னாடி நின்னு பாத்துட்டு, "தம்பி, இந்த பதினஞ்சு நிமிஷத்துல நீ எத்தனை தடவை அவுட்னு தெரியுமா?"ன்னு கேட்டாரு. தெரியலைண்ணேன்னு சொன்னேன். ஏழு தடவைன்னாரு.

அன்னைலேர்ந்து எனக்கு ஒரே ரூல், நெட்ல அவுட்டானா வெளிய வந்து பேடோட பத்து நிமிஷம் உக்காரணும். முதல் நாள் மூணாவது பந்துலயே வெளிய வந்துட்டேன், அழுகையே வந்துடுச்சு. அப்புறம் தான் பந்தை விடவே கத்துக்கிட்டேன். கால் குறுக்க போறது தான் பிரச்சனைன்னு மொபைல்ல நேர் பின்னாடி வச்சு எடுத்த வீடியோல தெரிஞ்சது, முன்னங்கால் ஆஃப் ஸ்டம்ப் பக்கம் போயிடும், தலை அந்தப் பக்கமே சாஞ்சிடும், பேட் காலை சுத்தி தான் வர வேண்டியிருக்கும். அண்ணன் கால் குறுக்க போற இடத்துல ஒரு பழைய ஷூவை வச்சாரு, மிதிச்சா பந்து கணக்குல இல்ல. மூணு வாரம், தினம் நூறு த்ரோ டவுன் (கிட்ட நின்னு கையால எறியற பந்து), உள்ள வர்ற பந்து மட்டும், நேரா மட்டும் அடிக்கணும். போர் தான். ஆனா அடுத்த நாலு மேட்ச்ல ஒரு தடவை கூட எல்பி ஆகலை.

1998ல ஆஸ்திரேலியா கூட ஆடின சேப்பாக்கம் டெஸ்ட் எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம். முதல் இன்னிங்ஸ்ல அவங்க லெக் ஸ்பின்னர் வார்னே கிட்ட சச்சின் 4 ரன்ல அவுட், ரெண்டாவதுல 155 நாட் அவுட். அந்த சீரிஸுக்கு முன்னாடியே லெக் ஸ்டம்புக்கு வெளிய பிட்ச்சை சொரண்டி வச்சு, நம்ம பழைய லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனை அங்க போட வச்சு ஆடிப் பாத்திருக்காரு. எந்த பந்து வரப்போகுதோ அந்த பந்தை மட்டும் ஆடிருக்காரு பாருங்க, எனக்கு அது தான் பிராக்டிஸ்.

---

அண்ணே வணக்கம், நான் சேலம் பக்கம், பவுலர். நடராஜன் அண்ணன் சின்னப்பம்பட்டிலேர்ந்து டென்னிஸ் பால் யார்க்கரோட (பேட்ஸ்மேன் கால் கிட்டயே விழுற பந்து) இந்தியா டீம் வரைக்கும் போனதைப் பாத்து வளந்த பசங்க நாங்க. எனக்கும் டென்னிஸ் பால்ல யார்க்கர் சொன்ன இடத்துல விழும். ஸ்டிச் பாலுக்கு (தையல் போட்ட தோல் பந்து) வந்தா 156 கிராமுக்கு மேல வெயிட், கை விடுற நேரமே மாறிடுச்சு, எல்லாம் ஃபுல் டாஸ். கிரீஸ்ல தண்ணி பாட்டில் வச்சு 36 பந்து போட்டு எண்ணி நோட்ல எழுதுவேன். முதல் நாள் 4 தான் பட்டுச்சு. ஒன்றரை மாசம் கழிச்சு 13.

அதை விட பெரிய தப்பு ஒண்ணு பண்ணிட்டிருந்தேன். நெட்ல பவுலர் கால் கிரீஸ் கோட்டைத் தாண்டுதான்னு யாரும் பாக்க மாட்டாங்க, நானும் பாக்காம ஒரு அடி தாண்டியே போட்டு பழகிட்டேன், ஒரு டோர்னமெண்ட் செமி ஃபைனல் கடைசி ஓவர்ல ரெண்டு நோ பால், ரெண்டு ஃப்ரீ ஹிட், மேட்ச் போச்சு. நாலு நாள் யார்கிட்டயும் பேசலை. இப்ப ரன் அப்பை அடி எண்ணி சுண்ணாம்புல குறிச்சிட்டு தான் முதல் பந்தே போடுவேன், ஃப்ரெண்டு ஒருத்தன் அம்பயர் மாதிரி நிக்கணும், நோ பால்னா அந்த யார்க்கர் கணக்குல சேராது. இன்னொண்ணு பவுலருங்க கேட்டுக்கோங்க, தினம் பதினஞ்சு ஓவர் போடாதீங்க. நான் போட்டேன், முதுகு பிடிச்சு ரெண்டு மாசம் வீட்ல கிடந்தேன். இப்ப வாரத்துக்கு மூணு நாள், ஒரு நாளைக்கு ஆறு ஓவர் தான்.

---

மதுரைலேர்ந்து எழுதுறேன். என் பொண்ணுக்கு பதிமூணு வயசு, லெக் ஸ்பின் போடுறா, பேட்டிங்கும் ஆசை. கிரவுண்டுல காலைல பசங்க இடம் தர மாட்டேங்குறாங்க. அதனால மொட்டை மாடி தான். சாக்ஸ்ல பந்தைப் போட்டு கொடிக் கம்பில கட்டி தொங்க விட்டுருக்கேன், ஸ்கூலுக்கு முன்னாடி இருநூறு தடவை நேர் பேட்ல தட்டுவா, பந்து சுத்தாம நேரா போய் நேரா வரணும். பிராட்மேன் சின்ன வயசுல கோல்ஃப் பந்தை தண்ணித் தொட்டி அடிச்சுவர்ல அடிச்சு, திரும்பி வர்றதை ஸ்டம்பால ஆடுவாராம், அதைச் சொன்னதுலேர்ந்து அவளும் ஸ்டம்பு கேக்குறா. பவுலிங்குக்கு சாயங்காலம் சுவர்ல சாக்பீஸ்ல ஸ்டம்ப் வரைஞ்சு, தரைல ஒரு கட்டம் போட்டு குடுத்துருக்கேன். அந்தக் கட்டத்துல தொடர்ந்து ஆறு விழுந்த அன்னிக்கு கீழ ஓடி வந்து அம்மாவை கட்டிப் பிடிச்சிட்டா.

சேலம் தம்பி, ஒரு சந்தேகம். மாடில 22 கஜம் இல்ல, 16 தான் வருது. இவ்ளோ கிட்ட நின்னு போட்டு பழகினா கிரவுண்டுல லெங்த் (பந்து விழுற தூரம்) ஷார்ட்டா போயிடுமா? வாரம் ஒரு நாளாவது முழு தூரத்துல போட வைக்கணுமா?