150 கிராம் ஸ்பினாச் என்றால் எத்தனை கப்?

கேள்வி:
ஒரு சாலட் குறிப்பில் பேபி ஸ்பினாச் (இளம் ஸ்பினாச் கீரை) 150 கிராம், அருகுலா (காரச் சுவையுள்ள சாலட் இலை) 60 கிராம், நறுக்கிய ஐஸ்பெர்க் லெட்டூஸ் (முட்டைக்கோஸ் போல உருண்ட சாலட் இலை) 100 கிராம் என்று போட்டிருக்கிறது. என்னிடம் தராசு இல்லை, 250 மி.லி. கப் மட்டும்தான். மாவுக்கும் சர்க்கரைக்கும் கணக்கு எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் இலைக்குத் தேடினால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள், ஒரே ஸ்பினாச்சுக்கே இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது. எதை நம்புவது?

பதில் 1:
அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் ஒரு கப் வேகவைக்காத ஸ்பினாச் 30 கிராம், அருகுலா 20, மெல்லிதாக நறுக்கிய ஐஸ்பெர்க் 72. அதன்படி உங்களுக்கு ஸ்பினாச் 5 கப், அருகுலா 3 கப், ஐஸ்பெர்க் ஒன்றரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக. அவர்கள் கப் கிட்டத்தட்ட 240 மி.லி. தான், ஆனால் இலைக்கு அந்தப் பத்து மில்லியைப் பார்க்கவே வேண்டாம்.

பதில் 2:
எண்கள் சரி. ஆனால் அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் இதெல்லாம் பயன்படும். 240 மி.லி. இடத்தில் 30 கிராம் இலைதான் என்றால் மிச்சம் பெரும்பாலும் காற்று, கையால் அழுத்தினால் அதே கப்பில் இன்னொரு பங்கு இலை போய்விடும். அதனால் குறிப்பில் 'அழுத்தி நிரப்பிய கப்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், சின்னக் கப்பில் ஐந்து முறை அளக்காதீர்கள், இலைகள் விளிம்பில் குறுக்கே நின்றுகொண்டு கீழே வெற்றிடம் விடும். பெரிய கிண்ணத்தில் 5 கப் தண்ணீர் ஊற்றி அது நிற்கும் உயரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தைத் துடைத்துவிட்டு அந்த உயரம் வரை இலையைத் தளர்வாகப் போடுங்கள்.

பதில் 3:
பாக்கெட்டில் வாங்குகிறீர்கள் என்றால் கப்பே தேவையில்லை, எடை அதன் மேலேயே இருக்கும். 200 கிராம் பாக்கெட்டில் முக்கால்வாசி எடுத்தால் 150. எந்த அட்டவணையையும் விட இதுதான் நம்பகமானது என்பேன்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. கழுவிய பிறகு அளக்கலாமா? இன்னொரு குறிப்பில் 'வேகவைத்த ஸ்பினாச் 1 கப்' என்று இருக்கிறது, அதற்கும் 30 கிராம்தானா?

பதில் 2:
ஐயோ, இல்லை! அதே அட்டவணையில் வேகவைத்து வடித்த ஸ்பினாச் ஒரு கப் 180 கிராம், அதாவது ஆறு மடங்கு. சாலட்டில் ஒரு பிடி கூடிக் குறைந்தால் ஒன்றும் ஆகாது, அருகுலா மட்டும் அளவு மீறினால் காரமும் கசப்பும் தூக்கலாகிவிடும். ஆனால் வேகவைப்பது, பெஸ்டோ (இலைகளை எண்ணெயோடு அரைக்கும் இத்தாலியச் சட்னி) அரைப்பது, பை (pie) என்கிற மாவுப் பண்டத்துக்குள் வைக்கும் பூரணம் இதற்கெல்லாம் தயவுசெய்து எடையில் போங்கள், கப்பில் தவறினால் பூரணம் நீர்த்துவிடும் அல்லது போதாமல் போகும். கழுவினால் நன்றாக உதறி, துணியில் ஒற்றிக் காயவைத்துவிட்டு அளங்கள். ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கப்பில் அதிகமாக இறங்கிவிடும், தராசில் வைத்தாலோ தண்ணீரின் எடையும் சேர்ந்துவிடும்.