கார்பூலிங்: ‘வழிக்கூட்டு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘கார்பூலிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வழிக்கூட்டு’ என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். இதுபற்றி நண்பர்கள் சொன்ன கருத்துகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

> ‘மகிழுந்துப் பகிர்வு’ போதுமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. ஒரே காரைக் காலையில் ஒருவரும் மாலையில் இன்னொருவரும் எடுத்து ஓட்டும் ஏற்பாடு ஒன்று தனியாக இருக்கிறது. மகிழுந்துப் பகிர்வு என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். கார்பூலிங்கில் வண்டி கைமாறுவதில்லை. எப்படியும் அந்தப் பக்கம் போகிறவர், காலியாகக் கிடக்கும் இருக்கையில் அதே வழியில் போகிற இன்னொருவரை ஏற்றிக்கொள்கிறார். எரிபொருள் செலவைப் பிரித்துக்கொள்வதோடு சரி, அவர் வாடகை ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை.

ஒரு செயலியின் தமிழாக்கத்தைச் சரிபார்த்தபோது, பொத்தான் ஒன்றில் ‘வண்டிக் குளம்’ என்று இருந்தது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கைக்கு நாம் ஒரு சொல்லைக் கொடுக்கவில்லையே. அந்த ஆங்கிலச் சொல்லின் பின்பாதிக்கும் நீர்நிலைக்கும் தொடர்பில்லை. சூதாட்டத்தில் ஆளாளுக்கு நடுவில் வைக்கும் பணயத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. அவரவர் பங்கைப் போட்டு ஒன்றாக்குவதற்கு நம்மிடம் ‘கூட்டு’ இருக்கிறது. இங்கே ஒன்றுசேர்வது வழி. ஆகவே, ‘வழிக்கூட்டு’. வண்டியின் பெயர் சொல்லுக்குள் இல்லாததால் பைக்கின் பின்னிருக்கைக்கும் இது செல்லும்.

> ‘வழித்துணை’ அழகாக இருக்கிறதே?

அழகுதான், எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் துணை என்றால் நமக்காகக் கூட வருபவர். இங்கே இருவருக்கும் அவரவர் வேலை இருக்கிறது.

“நாளைக்கு நான் வரவில்லை, வழிக்கூட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை. அப்புறம், கூடப் போகிறவர் ‘வழிக்கூட்டாளி’. கூட்டாளி ஏற்கெனவே எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல்.

> பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கென்று சாலையில் ஒதுக்கும் தடத்தையும் ‘வழிக்கூட்டுத் தடம்’ எனலாம்.

இதில் மாறுபடுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷெர்லி நெடுஞ்சாலையில் 1969இல் பேருந்துகளுக்கென்று ஒரு தடத்தைத் திறந்தார்கள். நான்கு பேராவது செல்லும் கார்களை 1973இல்தான் அதில் விட்டார்கள். பேருந்தும் ஓடும் தடம் அது, அங்கே ஆள் எண்ணிக்கைதான் கணக்கு. ‘பல்லாள் தடம்’ என்று எழுதிப் பார்த்தேன். வேகமாகப் போகிறவர் கண்ணில் முதலில் ‘பல்’தான் படும், அது உறுத்துகிறது. ‘பலர்செல் தடம்’ எப்படி? இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.