எர்த் கொடுத்த பிறகு வந்த தொல்லை

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம் என்றாலும் எங்கள் தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான். காருக்காகக் கட்டிய ஷெட்டில் மர வேலை செய்கிறேன். பொள்ளாச்சியில் ஒரு பட்டறையை மூடியபோது, 2 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டாரோடு மரம் இழைக்கும் பழைய மிஷின், பிளானர் ஒன்று கிடைத்தது. வார்ப்பிரும்பு மேசை, நாலு பேர் சேர்ந்துதான் இறக்கினோம்.

ஷெட்டில் இருந்ததோ விளக்குக்காக 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் இழுத்த லைன், அதில் ஒரே ஒரு பிளக். பிளானர் மோட்டார் ஓடும்போதே பத்து ஆம்பியர் பக்கம் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. கரண்டு அளவு மீறினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்சிபி, 10 ஆம்பியர், அடிக்கடி விழுந்தது. 32 ஆம்பியர் மாட்டினால் விழாது என்று ஒருவர் சொன்னார். விழாதுதான், ஆனால் சுவருக்குள் ஓடும் அந்த வயர் வெந்துபோகும். வயருக்குக் காவலாகத்தான் எம்சிபி இருக்கிறது. நல்லவேளை, மாட்டவில்லை.

ஆடிச் சாரல் நாளொன்றில் அம்மா வெந்நீர் அடுப்புக்கு மரத்தூள் அள்ள வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையை மேசையில் ஊன்றியவர் சட்டென்று இழுத்துக்கொண்டு, "கை சுருக்குங்குதுடா" என்றார். டெஸ்டரை மேசையில் வைத்தேன், எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மேலே இருக்கும் தடித்த பின்னில் வயரே இல்லை. கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை எர்த் வயரை யாரோ ஒட்ட நறுக்கி, கேபிள் உறைக்குள்ளேயே மடித்துச் செருகியிருந்தார்கள். அம்மா காலில் ரப்பர் செருப்பு இருந்தது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்து, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தேன். 4 ஸ்கொயர் செம்பு வயர், அதே கனத்தில் பச்சை எர்த், மோட்டாரின் ஆரம்ப இழுப்பைத் தாங்கும் சி வகை 20 ஆம்பியர் எம்சிபி, ஷெட்டுக்கென்றே, கரண்டு கசிந்தால் லைனை அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. பிளானர் கேபிளில் பச்சை வயரையும் பின்னில் சேர்த்து முறுக்கினோம். ஆவணி, புரட்டாசி தொல்லையில்லாமல் போயின.

ஐப்பசி இடிமழையில் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு சுவிட்சைப் போட்டால் ஆர்சிசிபி டப்பென்று விழும். பதினோரு மணி வெயிலுக்கு அப்புறம் ஒழுங்காக ஓடும். லைன் இழுத்தவர் ஊரில் இல்லை. வேறொரு சேட்டன் வந்தார், ஐந்து நிமிடம் பார்த்தார். "எர்த்து ஊரிக்கோ, ஒரு குழப்பவும் இல்லா" என்றார், எர்த்தைக் கழற்றிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லையாம். எர்த் கொடுத்த பிறகுதானே தொல்லை என்பது அவர் கணக்கு. ஒரு நிமிடம் எனக்கும் சரியென்று பட்டது.

அப்புறம் யோசித்தேன். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபி வேலை. எம்சிபிக்கு 30 மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. ஆனால் அந்த அளவே ஓர் ஆளின் நெஞ்சு வழியாகச் சற்று நேரம் ஓடினால் உயிருக்கு ஆபத்து. முன்பு எர்த் இல்லாததால் கசிந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. மேசையிலேயே ஆள் தொடுவதற்காகக் காத்திருந்தது. இப்போது பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போகிறது, அதை ஆர்சிசிபி பிடிக்கிறது. எர்த்தைக் கழற்றினால் சத்தம் நிற்கும், கசிவு மறுபடி மேசைக்கு வரும்.

பொள்ளாச்சியிலிருந்து மோட்டார் கட்டும் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். காலையிலேயே வரச் சொன்னேன், ஈரம் இருக்கும்போது பார்க்கத்தான். லைனைப் பிரித்து, மோட்டாருக்கும் பாடிக்கும் நடுவில் மெகர் வைத்தார், கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர் அது. முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். டெர்மினல் பெட்டி மூடியைத் திறந்தார். உள்ளே கெட்டியாக மரத்தூள், கைபட்டால் ஈரம். சுரண்டி எடுத்ததும் தெரிந்தது: கேபிள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல், தகரத்தின் விளிம்பு வயர் உறையை அறுத்துச் செம்பு மினுங்கியது. "தப்பு மிஷின்லதானுங்க தம்பி, எர்த்து காட்டிக் குடுத்திருக்குது" என்றார். புது கேபிள், ரப்பர் வளையம், மூடிக்கு கேஸ்கட். பெட்டியைத் துடைத்து பல்பு வெளிச்சத்தில் காய வைத்தோம். மறுபடி வைத்தபோது முள் நன்றாகவே ஏறியது. அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க ஆர்சிசிபி ஒருமுறைகூட விழவில்லை.

மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். இங்கே கரிசல் மண், கோடையில் வெடித்து எர்த் பைப்பை விட்டு விலகிவிடும். அதனால் மாசியிலிருந்து வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் எர்த் குழியில் ஊற்றுகிறேன். பழைய மிஷின் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே மெயினை அணைத்துவிட்டு பிளக்கைத் திறந்து, பச்சை வயர் பின்னில் இருக்கிறதா என்று பாருங்கள்.