மயானத்தில் கூலிக் கணக்கு

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து:

கோவில் கொடைத் திருவிழாவுக்கு அரிச்சந்திரா நாடகம் வைத்த ஊரில் மறுநாள் டீக்கடையில் கேட்கிற பேச்சு இதுதான்: "பபூன் நல்லாச் சிரிக்க வச்சாம். ஆனா மயான காண்டத்துல அழுகையே வரலியே." உடனே கோமாளி வேஷக்காரனான பபூன் மேல் பழி விழும். தப்பு அங்கே இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்த காட்டுநாயக்கன்பட்டி அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. அவர் வழியில் வந்த இந்த நாடகத்தில் சிரிப்பு கதைக்குள்ளேயே கிடக்கிறது, கணக்குப் பேச்சாக. அதை விட்டுவிட்டு சினிமாக் குரல் பேசப் போனால்தான் அழுகை கெடும்.

முதல் கணக்கு நட்சத்திரேசன். அரிச்சந்திரன் விசுவாமித்திரருக்குத் தரவேண்டிய கடனை வசூலிக்கக் காசி வரை கூடவே வருகிறவன். அவன் குரலை உயர்த்தவே கூடாது. மேடையை மூன்று சுற்று நடந்தால் போதும். முதல் சுற்றில் நிழல் கேட்கணும், அடுத்ததில் தண்ணி, மூன்றாவதில் "கால் வலிக்கு, தூக்கிட்டுப் போ". நாலாவது சுற்று போனால் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். மனைவி மகனை விற்றுக் கடன் தீர்ந்து சனம் மூச்சு விடுகிற நேரத்தில், அவன் அமைதியாகக் கையை நீட்டி "எனக்குத் தரகு?" என்று கேட்கணும். சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வருகிற இடம் அது. அந்தத் தரகுக்காகத்தான் அரிச்சந்திரன் தன்னையே விற்கிறான்.

இரண்டாவது வீரவாகு, அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிச் சுடலைக் காவலுக்கு வைக்கிற எசமான். சுடலைக் கூலி மூன்று: வாய்க்கரிசி, முழத்துண்டு, கால் பணம். அரிசி காவல்காரனுக்கு, மற்ற இரண்டும் எசமானுக்கு. வீரவாகு இந்தப் பங்கைச் சொல்லச் சொல்லி மூன்று தடவை ஒப்பிக்க வைக்கணும். நடுவில், நெல் ரகத்தின் பெயரை இழுத்து, "வாய்க்கரிசி அம்பை பதினாறா, ரேஷன் அரிசியா?" என்று கேட்டால் நம்ம பக்கத்தில் கைதட்டு நிச்சயம். அது கணக்குக்கு உள்ளேயே நிற்கிற சிரிப்பு, அதனால் கெடுதல் இல்லை. மூன்றாவது தடவை முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லும். சொல்லணும்.

ஏனென்றால் பெற்ற பிள்ளையின் பிணம் வந்த பிறகு அரிச்சந்திரன் பேசுவது அதே கணக்கு: "வாய்க்கரிசி எம் பங்கு, அத விட்டுருதேன். முழத்துண்டும் கால் பணமும் எசமான் சொத்து, அத விட எனக்கு உரிமை இல்ல." சிரித்தபடி மனப்பாடம் செய்த பங்குதான் இப்போது தொண்டையை அடைக்கிறது. வீரவாகு காட்சியை "நேரமாச்சு" என்று சுருக்கினால் இந்த வரியை விளக்கப் பத்து நிமிஷப் பிரசங்கம் தேவைப்படும். அப்போது யார் அழுவார்?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து:

சங்கரன்கோவில் அண்ணாச்சி சொன்னது சரி. பக்கவாத்தியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும், தாள வாத்தியம் வாசிக்கிற ஆல்ரவுண்டுக்காரர் 'டக்'கென்று ஒரு அடி போடுவார். வீரவாகு உள்ளே போனதும் அந்தக் கை நின்றுவிட வேண்டும். பழக்கதோஷத்தில் பிணம் வந்த பிறகு ஒரு அடி விழுந்தாலும் சனம் சிரித்துவிடும். ஆர்மோனியப் பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் வெறும் சுருதியை மட்டும் பிடித்து நிற்கலாம். அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரட்டும், ஆள் பிறகு வரலாம்.

அன்பளிப்புச் சீட்டு இன்னொரு தொல்லை. ஒப்பாரி நடுவே "மேலத்தெரு அண்ணாச்சி நூறு ரூபாய்" என்று மைக்கில் வாசித்தால் எல்லாம் போச்சு. மகனைப் பாம்பு தீண்டியதிலிருந்து தாலிக் கட்டம் முடியும் வரை சீட்டு வாங்கி வைப்போம், வாசிக்க மாட்டோம் என்று கொடைக்கு வரி கொடுக்கிற வரிதாரர்களிடம் சாயங்காலமே பேசி முடித்துவிட வேண்டும்.

கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து:

வேண்டாத சிரிப்பு பெரும்பாலும் சாமான்களால்தான் வருகிறது. செத்துக் கிடக்கிற மகன் லோகிதாசனாக வருகிற பையனுக்கு அந்த நேரம் தூக்கம் சொக்கும், கொசு வேறு. மல்லாக்கப் போட்டால் வயிறு ஏறி இறங்குவது முன்வரிசைக்குத் தெரியும். முகம் பின்திரையைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்க வைத்து, தோள் வரை வேட்டியால் மூடி, கைகளை உள்ளே வைத்துவிடுங்கள். கொசுவர்த்தி கால்மாட்டில் இருக்கட்டும்.

சிதையை அரிச்சந்திரன் காலால் எத்துகிற இடமும் அப்படித்தான். கட்டைகளை அப்படியே அடுக்கினால் ஒன்று உருண்டு ஆர்மோனியத்தில் முட்டும். முழுவதும் கட்டினால் அரிச்சந்திரனாக வருகிற ராஜபார்ட் கால்தான் வீங்கும். அடி வரிசைகளைக் கயிற்றால் இறுக்கி, மேல் வரிசையை மட்டும் தளர விட்டு, பின்திரைப் பக்கமாக எத்தணும். சாம்பிராணி அளவோடு. புகை மிஞ்சிச் சந்திரமதி இருமினால் ஒப்பாரி அறுந்துவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

காலேஜில் ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகம் படிக்கிற பிள்ளைகளுக்கு வீரவாகுவைக் காட்டினால் ஐந்தாம் அங்கத்துக் குழிவெட்டி சட்டென்று விளங்கும். அவனும் தொழில் கணக்குத்தான் பேசுகிறான். பிணம் மண்ணில் மக்க எட்டு ஒன்பது வருஷம், தோல் பதனிடுகிறவன் என்றால் ஒன்பது. தொழிலால் அவன் தோலே பதப்பட்டுத் தண்ணீரை உள்ளே விடாதாம். இந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் ஹேம்லெட்டின் காதலி ஒபீலியாவின் சவ ஊர்வலம் வந்துவிடுகிறது. அடுக்கு அதேதான்: கணக்கு, சிரிப்பு, பிணம்.

ஒன்றைக் கண்டிப்பாக வெட்டவேண்டும். வீரவாகுவின் சாதியைச் சொல்லிப் பபூன் கேலி பேசுவது பழைய வழக்கம். அது கூட்டத்தில் ஒரு பகுதியைக் குத்திவிட்டு மற்றவர்களைச் சிரிக்க வைக்கிற வேலை. குத்துப்பட்டவர் அதற்குப் பிறகு அரிச்சந்திரனுக்காக ஏன் அழவேண்டும்? கூலிக் கணக்கே போதுமான சிரிப்பு.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, மறுபடி:

சந்திரமதியையும் மகனையும் விலைக்கு வாங்கிய காலகண்டய்யர், அவர் மனைவி காலகண்டி சண்டையை யாரும் தொடவில்லையே. அதை வெறும் புருஷன் பொண்டாட்டிச் சண்டையாக இழுக்காமல், காலகண்டி சந்திரமதியைப் பார்த்து "கழுத்துல ஒரு மஞ்சக்கயிறு கூட இல்ல, இவளுக்கு வாயப் பாரு" என்று ஒரு வரி கேலி பேசட்டும். அரிச்சந்திரன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி என்பது அங்கேயே சனத்தின் மனதில் விழுந்துவிடும். இதற்குச் சந்திரமதியாக வருகிற ஸ்த்ரீபார்ட் ஒத்துழைக்க வேண்டும். நாடகம் தொடங்கும்போதே தாலியை ரவிக்கைக்குள் விட்டுவிடணும். மயானத்தில் "உன் கழுத்தில் கிடக்கிறதே, அதை விற்றுக் கூலி கொடு" என்று அவன் சொன்ன பிறகுதான் கை அந்தப் பக்கமே போகணும்.