சிக்னல் கேமரா காட்சியில் நடப்போரின் 'மயிரிழைத் தப்பல்' கணக்கு எகிறுகிறது. எங்கே பிழை?

கேள்வி:
நாற்சந்தியில் 8 மீட்டர் உயரக் கம்பத்தில் கேமரா, 1080பி, நொடிக்கு 15 ஃபிரேம். யோலோவும் (ஆள், வண்டியைக் கண்டுபிடித்துப் பெட்டி போடும் மாடல்) பைட்டிராக்கும் (அவற்றை ஃபிரேமுக்கு ஃபிரேம் பின்தொடர்வது) ஓட்டி பி.இ.டி பார்க்கிறோம், அதாவது, ஒருவர் விலகிய இடத்துக்கு அடுத்தவர் எத்தனை நொடியில் வந்து சேர்கிறார் என்று. 1.5 நொடிக்குக் கீழே மணிக்கு நூற்றுக்கணக்கில் வருகிறது. காட்சியை ஓட்டிப் பார்த்தால் ஆபத்தானவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

பதில் 1:
பைக் ஓட்டுபவரையும் யோலோ நடப்பவராக எண்ணுகிறது. கோகோ என்ற பொதுப் படத் தரவில் பயின்ற மாடலுக்கு 'ஆள்' வேறு, 'பைக்' வேறு. இரண்டும் ஒட்டியே போவதால் பி.இ.டி பூஜ்யத்தருகே விழும். ஆள் பெட்டி பைக் பெட்டியோடு பல ஃபிரேம்களுக்குச் சேர்ந்தே நகர்ந்தால் அந்த ஆளைக் கழித்துவிடுங்கள். கோகோவில் ஆட்டோ என்ற வகையே கிடையாது. ஒரே ஆட்டோ ஒரு ஃபிரேமில் கார், அடுத்ததில் லாரி என்று மாறும், தடமும் அறுந்துபோகும். ஐஐஐடி ஹைதராபாத்தின் ஐ.டி.டி என்ற இந்தியச் சாலைப் படத் தரவில் ஆட்டோவும் 'ரைடர்' வகையும் தனித்தனியாக உண்டு. அதில் மறுபயிற்சி கொடுங்கள்.

பதில் 2:
அதோடு, படத்தின் எந்தப் புள்ளியைத் தரை இடமாக மாற்றுகிறீர்கள்? பெட்டியின் நடுப்புள்ளி என்றால் எல்லாமே தப்பு. ஆளுக்குக் கீழ்விளிம்பின் நடு, அதாவது பாதம். வண்டிக்குப் புள்ளி போதாது, தரையில் அதன் முழு நீள அகலமும் வேண்டும். பஸ் மறைத்துப் பாதம் தெரியாவிட்டால் கீழ்விளிம்பு மேலேறி, ஆள் சில மீட்டர் அப்பால் நிற்பதாகக் காட்டும். அந்த ஃபிரேம்களைத் தள்ளிவிடுங்கள். ஹோமோகிராஃபிக்கு, அதாவது படப் புள்ளியைத் தரை அளவாக மாற்றும் கணக்குக்கு, 4 புள்ளி ஏட்டளவில் போதும், நடைமுறைக்கு 8–10 தேவை. ஜீப்ரா கோடுகளின் மூலைகளை டேப் வைத்து அளந்து எடுங்கள். நேரத்தை ஃபிரேம் எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள். நேரலையில் ஃபிரேம் விழுந்தால் நொடியும் பொய்யாகும்.

பதில் 3:
பி.இ.டி-யை மட்டும் நம்ப வேண்டாம். 1 நொடி இடைவெளியில் ஊர்ந்து வரும் கார் ஒன்று, 50 கி.மீ. வேகத்தில் வருவது வேறொன்று. வேகத்தையும் சேர்த்தே தரம் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி. இதைத் திருத்தி, திரும்பும் வண்டிகளால்தான் ஆபத்து என்று தெரிந்தால்?

பதில் 3:
சிக்னலில் வண்டிகளைவிட நடப்போருக்கு 3–7 நொடி முன்னதாகப் பச்சை கொடுத்துப் பாருங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் இதனால் நடப்போர்–வாகன மோதல் 13% குறையும் என்கிறது. ஆனால் ஃப்ரீ லெஃப்ட் திறந்திருந்தால் அந்தப் பக்கம் பயன் இல்லை. முதலில் அதை மூடச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒப்பிடும்போது ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே வானிலை. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, கடந்த 1,000 பேருக்கு எத்தனை என்று பாருங்கள். இரவுக் காட்சியைத் தனியாகச் சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள், ஹெட்லைட் கூச்சத்தில் ஆளே தெரிய மாட்டார்.