புதுப்பிப்பு: இரண்டு பம்பு ஓடியும் தண்ணீர் கூடவில்லை, கரண்ட் பில்தான் கூடியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மன்னார்குடி பக்கம் எங்கள் ரைஸ் மில்லில் நெல் ஊறல் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு 10 ஹெச்பி பம்புகளையும் சேர்த்து ஓட்டியும் தண்ணீர் ஏன் கூடவில்லை என்று கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உண்டு. ஒன்றை 50 ஹெர்ட்ஸிலும் மற்றதை 38-லும் ஓட்டினோம்.

"இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கணக்கு எளிது: பம்பின் ஷட்-ஆஃப் ஹெட், அதாவது முழு வேகமான 50 ஹெர்ட்ஸில் அது தண்ணீரைத் தள்ளக்கூடிய உச்ச உயரம், 30 மீட்டர். ஹெட் வேகத்தின் வர்க்கத்தில் குறையும் என்பதால் 38 ஹெர்ட்ஸில் 17.3 மீட்டர்தான். எங்கள் மேல்தொட்டியோ 18 மீட்டர் உயரம். ஆக, அந்தப் பம்பு ஒரு சொட்டுகூட ஏற்றாமல் சும்மா சுற்றியிருக்கிறது! அதன் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) சுட்டதற்கும் அதுதான் காரணம்.

இப்போது இரண்டும் 44-ல். கிலோலிட்டருக்கு 0.16 யூனிட் ஆனது 0.12-க்கு வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் கன விகிதத்தில் (வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்று) குறையும் என்பதை நம்பி 40-க்கு இறக்கினேன். தண்ணீர் நூலாக வந்தது. உயரம் அதிகமுள்ள லைனில் அந்தக் கணக்கு செல்லாது.

எதிர்பாராதது ஒன்று: இரவில் ஒரு பம்பு போதுமென்று மற்றதை நிறுத்தினால், அதன் ஷாஃப்ட் பின்பக்கமாகச் சுற்றியது. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றினால், அது மூட முடியாதபடி உள்ளே உமி அடைப்பு. நெல் மில் அல்லவா!